காதுக்காரர் தலையாட்டினார்

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் துணி தைக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறார்கள். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் என்மேல் பழி போட வேண்டாம். பலகை மெல்லிசு, அவ்வளவுதான். என் மெஷினை நிறுத்தினால் அவர்கள் டம்ளரைக் கீழே வைப்பதுகூடக் கேட்கும். மெஷினை அடிக்கடி எதற்காக நிறுத்துகிறாய் என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் தெருவில் யாரிடம் கேட்டாலும் காதுக்காரர் கடை என்றால்தான் வழி காட்டுவார்கள். காதுக்காரர் என்பது அவளுடைய வீட்டுக்காரர். வேலை முழுக்க அவளுடையது. மூடியைக் கழற்றுவது, கருகின சாமானைக் கண்டுபிடிப்பது, ஈயத்தை உருக்கி ஒட்டுவது, எல்லாம் அவள்தான். பெயர் மட்டும் அவருக்கு. அவள் பழுது பார்த்த எந்தப் பெட்டியும் அவர் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் கடைவாசலைத் தாண்டும். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட வழக்கம் அது. அவர் தலையாட்டாவிட்டால் அவள் மறுபடியும் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் காதும் லேசுப்பட்ட காது இல்லை. ஒரு காலத்தில் மைக் செட்டு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "பின்னால இருக்கிற ஸ்பீக்கர்ல பேப்பர் கிழிஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் கிழிந்துதான் இருக்கும். நான் தைத்துக்கொண்டே இருப்பேன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "தையக்கா, ஊசி மழுங்கிப்போச்சு, மாத்துங்க" என்று குரல் வரும். எடுத்துப் பார்த்தால் ஊசி மழுங்கியிருக்கும். எரிச்சலாகக்கூட இருக்கும் எனக்கு. அந்தக் குரல் வந்து வெகுகாலமாகிவிட்டது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மழை விடாமல் பெய்த வாரம் அது. துணியெல்லாம் நமுத்துப்போய், இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவிதான் வந்தது. அவள் டீயைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வெட்டு மேசையில் ஏறி உட்கார்ந்தாள்.

"தையக்கா, ரெண்டு புடவைக்கு ஓரம் அடிச்சு வையுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"நான் போறேன்."

"எங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. அவளும் ஒண்டியாத்தான் கிடக்கறா. வந்து என்கூடவே இருந்துடுக்கான்னு அவ வீட்டுக்காரர் போனதிலிருந்து கூப்பிடறா. ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றா."

"எத்தனை நாளைக்குப் போற?"

அவள் டீயைக் குடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"காதுக்காரர் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட கேட்டுட்டேன்க்கா. கேக்காம போவேனா? போன மாசம் ஒரு நாள் கொட்டுகொட்டுன்னு மழை. அவர் மேசைகிட்ட முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசல. நான் சொல்றதுக்கு ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. எத்தனை நாள் இப்படியே சுவத்தோட பேசறது? கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டேன். 'நான் தங்கச்சி வீட்டுக்கே போயிடட்டுமா? நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒண்ணுதானே?'ன்னு."

"அவர்?"

"திரும்பிப் பாத்தார். தலையாட்டினார். மறுபடியும் மேசைப் பக்கம் திரும்பிக்கிட்டார்."

அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அவள் அழவில்லை. பிளேடால் நூல் அறுப்பது போல் சொல்லி முடித்தாள்.

"நாய்க்குட்டிகிட்ட சொன்னாக்கூட வாலையாவது ஆட்டும்க்கா" என்றாள். "இவர் தலையை ஆட்டறார்."

எனக்குக் காதுக்காரர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்ன மனுஷன் இவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கோபத்தில் பாதி எனக்காகவும்தான். அவள் போய்விட்டால் பலகைக்கு அந்தப் பக்கம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் டம்ளரைக் கழுவக்கூட இல்லை. அதற்குள் பல் டாக்டர் குடையை உதறிக்கொண்டு அவர்கள் கடைப்படி ஏறினார். கையில் அந்தப் பெட்டி. அது மூன்றாவது தடவை.

அந்தப் பெட்டியைப் பற்றி அவள் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் பாட்டு பாட்டாக இருப்பதில்லையாம், வெறும் எண்களாக இருக்குமாம். அந்த எண்களை வாங்கி நம் காதுக்குக் கேட்கிற ஓசையாக மாற்றித் தருவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. டேக் என்று அவர்கள் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். டாக்டர் வேலை செய்யும்போது மெல்லிசாக வயலின் வைத்துக் கேட்பவர். அவருடைய பெட்டியில் வயலின் கரகரக்கிறது என்பதுதான் புகார்.

முதல் தடவை அவள் கரண்ட் வருகிற பக்கத்தில் வற்றிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினாள். பாட்டைப் போட்டாள். பாட்டு முடிகிற நேரத்தில் எனக்கே இந்தப் பக்கம் லேசாகக் கரகரப்பு கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. "ஏதோ உரசற மாதிரி இல்ல?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் காதுக்காரர் தலையாட்டிவிட்டார். அவர் காதுக்கு முன்னால் தன் காது எம்மாத்திரம் என்று அவள் பெட்டியை மூடிவிட்டாள். இரண்டாம் தடவை உள்ளே இருந்த சில்லு ஒன்றை மாற்றினாள். மறுபடியும் தலையாட்டல். போதாக்குறைக்கு டாக்டரிடம், "நாள் பூரா மெஷினை வச்சுப் பல்லைக் குடையறீங்க. உங்க காதைத்தான் யார்கிட்டயாவது காட்டணும் டாக்டர்" என்று வேறு சொல்லி அனுப்பினாள். டாக்டரும் சிரித்துக்கொண்டு போனார்.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, காதைக் காட்டிட்டேன். நல்லா இருக்காம். நீங்க பெட்டியைப் பாருங்க."

"டாக்டர், அவர் கேட்டு..."

"அவர் கேக்கட்டும். நான் சொல்றதையும் கேளுங்க. போட்டவுடனே நல்லாத்தான் பாடுது. ஒருத்தருக்குப் பல்லை அடைச்சு முடிக்கறதுக்குள்ள கெட்டுப்போகுது. நான் இதை அலமாரிக்குள்ள வச்சிருக்கேன், அது காரணமா இருக்குமான்னு தெரியல. என் எதிர்ல படுத்திருக்கறவங்களே, டாக்டர் அதை நிறுத்துங்க, பல் கூசுதுங்கறாங்க."

அவர் படியிறங்கியதும் நான் மெஷினை நிறுத்தினேன்.

அலமாரி என்று டாக்டர் சொன்னது அவளுக்குப் பொறி தட்டியிருக்கிறது. அலமாரிக்குள் காற்றில்லை, சூடு ஏறும். கடையிலோ மழை ஈரம், மேசையெல்லாம் சில்லென்று கிடக்கிறது. இங்கே பெட்டி சூடாகவே இல்லை. முடி உலர்த்துகிற டிரையரை எடுத்துப் பெட்டிமேல் பிடித்தாள், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஸ்கோப்பையும் இழுத்து வைத்தாள். ஓசையை ஒளிக் கோடாக வரைந்து காட்டுகிற திரை அது. காதுக்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கோடு என்னிக்கு பாட்டுக் கேட்டுது?" என்பார். அதனால் அது துணிக்குள்ளேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

பெட்டியைச் சூடாக்கச் சூடாக்க, திரையில் அழகாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த அலையின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டதாம். மேல் பாதி உருண்டையாக இருக்கிறது, கீழ்ப் பாதி கத்தியால் சீவியது போல் தட்டையாக இருக்கிறது. வயலின் போட்டாள். இந்தப் பக்கம் எனக்குப் பல் கூசியது. டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுவதை யார் வயலின் என்பார்கள்?

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். "டாக்டர் பெட்டிங்க. கொஞ்சம் கேளுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே கரகரப்பு, அதே வயலின். அவர் வழக்கமாகக் கேட்கிற பாட்டுதான். விரலால் மேசையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சத்தத்துக்கு எவனாவது தாளம் போடுவானா?

"என்னங்க, எப்படி இருக்கு?"

அவர் தலையாட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் பேசவில்லை.

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாட்டு சட்டென்று நின்றது. கரகரப்பும் நின்றது. மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் தாளம் நிற்கவில்லை. டக், டக், டக் என்று விரல் மேசையில் விழுந்துகொண்டே இருந்தது, ஒரு அடி தப்பாமல். இல்லாத பாட்டுக்கு அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பின்பக்கமாகக் கையை விட்டு ஸ்பீக்கர் ஒயரை உருவியிருந்தாள். ஆம்ப்ளிஃபயரில் ஓசைக்குத் தகுந்தபடி ஆடுகிற ஒரு முள் உண்டு. ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அது ஆடும். அந்த முள்ளைப் பார்த்துத்தான் அவர் தாளம் போட்டார். பாட்டு மனப்பாடம். முள் ஆடுகிறது. அவள் முகம் எதிரில் இருக்கிறது. இதற்குமேல் காது எதற்கு?

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து, டீ போட உள்ளே போய்விட்டார்.

அவள் கத்துவாள், அழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வேலையைப் பார்த்தாள். குளிர வைக்கிற ஸ்பிரேயை எடுத்து ஒவ்வொரு சாமானாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற ஒரு சின்னச் சாமானின் காலில் பட்டதும் அலை முழுசாகிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை விரிசல். குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், சூடானால் விலகும். விலகினால் பாதிக் கரண்ட் வராது, அலையின் அடி அறுந்துபோகும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். ஈயப் புகை வாசனை பலகை இடுக்கு வழியாக எனக்கும் வந்தது. மறுபடியும் டிரையரைப் பிடித்தாள். வயலின் சுத்தமாகப் பாடியது. எவ்வளவு நேரம் சூடு காட்டியும் மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கேட்டுச்சா தையக்கா?"

தெரியாதது போல் நடிக்க எனக்கு மனசு வரவில்லை. "கேட்டுச்சும்மா."

"எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம்தான் விளங்குச்சு. அவர் காது கேக்காதவர்க்கா. நான் என்னவோ என்னைப் பிடிக்காம பேசாம இருக்கார்னு... பின்னாலருந்து கூப்பிடுவேன், திரும்ப மாட்டார். ராத்திரி படுத்துக்கிட்டு என்னென்னவோ சொல்லுவேன், பேசாம கிடப்பார். திமிருன்னு நினைச்சேன். வெறுப்புன்னு நினைச்சேன். வேற யாராவது இருக்காளோன்னுகூட நினைச்சேன்."

"அவருக்கா? அந்த மூஞ்சிக்கா?"

"சிரிக்காதீங்கக்கா." ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்ப, அந்த மழை அன்னைக்கு அவர் தலையாட்டினது..."

"அதைத்தான் நினைக்கிறேன்க்கா."

"போய்க் கேளு" என்றேன். "எதிர்ல உக்காந்து கேளு."

அவள் போனாள். நான் கடை ஷட்டரைத் துடைக்கிற சாக்கில் வெளியே வந்து நின்றேன். ஷட்டர் துடைக்கிற நாளா அது? மழைச்சாரல் என் மேலேயே அடித்தது.

அவர் டீயை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்து அவர் முழங்காலில் இடிக்கிற மாதிரி எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"காது கேக்காம போயி."

அவர் டம்ளரைப் பார்த்தார். "கேக்குதே."

"ஸ்பீக்கர் ஒயரை உருவிட்டேன். நீங்க தாளம் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

காதுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. திருடன் மாட்டிக்கொண்ட முகம் என்று சொல்ல மாட்டேன். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மனுஷனின் முகம்.

"முழுசா போகலம்மா" என்றார். "எதிர்ல நின்னு பேசினா புரியும். உன் வாயைப் பாத்தா புரியும். பின்னாலருந்து பேசினா, மழை பெய்யும்போது பேசினா, தண்ணிக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. அந்தக் காலத்துல மைக் செட்டு கம்பத்துக்கு அடியிலயே படுத்துத் தூங்கினவன் நான். அதான் வாங்கிட்டுப் போயிடுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"காது போச்சுன்னு சொல்றது!"

"சொல்லிட்டு? இந்தக் கடையில எனக்கு என்ன வேலை? எனக்குத் திருகாணி கழட்டத் தெரியுமா? ஈயம் வைக்கத் தெரியுமா? எல்லாம் நீ. என்கிட்ட இருந்தது காது ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னா, இந்தாளை எதுக்கு வச்சுக் கஞ்சி ஊத்தறோம்னு உனக்குத் தோணாதா?"

"எனக்குத் தோணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் டம்ளரை மேசையில் அங்கும் இங்கும் நகர்த்தினார்.

"உங்களால டாக்டரைக் காதைக் காட்டுங்கன்னு சொல்லி அனுப்பினேன் நான். அந்த மனுஷன் போய்க் காட்டிட்டே வந்துட்டார்."

அவருக்கு அது புரிந்ததும், அந்த நிலைமையிலும் உதடு கோணியது. அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கேட்டார்.

"ஒரு விஷயம் கேக்கணும். போன மாசம் ஒரு மழை நாள்ல நீ கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னவோ கேட்டே. நான் திரும்பறதுக்குள்ள நீ முடிச்சிட்டே. நானும் வழக்கம்போல தலையாட்டிட்டேன். அதிலிருந்து நீ ஆளே மாறிட்டே. சோறு போடறே, தண்ணி வைக்கிறே, பேச்சில்லை. எதுக்குத் தலையாட்டினேன், எதுக்குத் தலையாட்டினேன்னு தினம் யோசிக்கிறேன். கேட்டா காது விஷயம் வெளிய வந்துடுமேன்னு பயம். மூட்டை வேற கட்டி வச்சிருக்கே. நீ நாலு நாள் தங்கச்சி வீட்ல இருந்துட்டு வந்துடுவேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவர் முன்னால் குனிந்தார். "என்னம்மா கேட்டே?"

அவள் சொன்னாள். எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

மறுபடி சொன்னாள். உதடு நடுங்கினால் எந்த மனுஷனால் படிக்க முடியும்?

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

"உங்களை விட்டுட்டு தங்கச்சி வீட்டுக்கே போயிடட்டுமான்னு கேட்டேன்!" என்று அவள் கத்தினாள். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒண்ணுதானேன்னு கேட்டேன்! நீங்க தலையாட்டினீங்க!"

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. குடையோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தனக்குள் வைத்துப் புழுங்கிய பேச்சு தெரு முழுக்கக் கேட்டது. யாருக்குக் கேட்கணுமோ அவருக்கும் கேட்டுவிட்டது.

"நானா?" என்றார். "அதுக்கா தலையாட்டினேன்?" உள்ளங்கையால் தலையில் அடித்துக்கொண்டார். "நீ போயிட்டா நான் யார் முகத்தைப் பாத்துக் கேக்கறது?"

அவள் எழுந்துவிட்டாள். அவர் கையைப் பிடிக்க வந்தார், தட்டிவிட்டாள். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் கட்டிக்கொண்டிருப்பார்கள். இவளுக்கு இத்தனை நாள் தனியாகக் கிடந்தது ஒரு நிமிஷத்தில் ஆறிவிடுமா? விறுவிறுவென்று என் கடைக்குள் வந்து, வெட்டு மேசையில் உட்கார்ந்து, தங்கச்சிக்குப் போன் போட்டாள். கத்திய குரல் இன்னும் இறங்கவில்லை.

"ஏய், ஞாயித்துக்கிழமை வேன் எடுக்காதே... ஆமா, வரலை... சமாதானமா? சமாதானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்பெல்லாம் எரியுது எனக்கு... அதாண்டி சொல்றேன். இந்தக் கோபத்தைத் தூக்கிட்டு அங்க வந்து உன்கிட்டயா காட்டறது? இங்கதான் இருந்து காட்டணும்... நீ இங்க வா. நாலு நாள் இருந்துட்டுப் போ. எனக்கும் ஒரு துணை வேணும்."

போனை வைத்துவிட்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். புடவைக்கு ஓரம் அடிக்கவா வேண்டாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. காதுக்காரர் உள்ளறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"எங்கம்மா இருக்கே?" என்றார்.

"இங்கதான் இருக்கேன்!" என்று இவள் இங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏம்மா... போயிட்டியா?"

"இல்லைங்க, இங்க தையக்கா கடையில இருக்கேன்!"

அந்த மெல்லிசுப் பலகையைத் தாண்டி எனக்கு எல்லாம் கேட்டது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"போயிட்டியா?" என்று மறுபடியும் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

இவள் மூன்றாம் முறை பதில் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூடத் தேடாமல், மழையில் நனைந்தபடி சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றாள்.